இரண்டாம் முறை மூக்கு ஆபரேஷன்

'மூக்கும் முழியுமாக இருக்கிறாள்' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பிறவியிலேயே சப்பை மூக்கு என்றால் நமக்கும் பிறருக்கும் பழகிப் போயிருக்கும். ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு மூக்குத் தண்டு குதிரைச் சேணம் போலப் பள்ளம் விழுந்தால் மனம் உடைந்து போகிறது.

இது ஏன் நேர்கிறது? மூச்சடைப்புக்காக மூக்கின் நடுச்சுவரை நேராக்கும்போது வளைந்த குருத்தெலும்பை வெட்டி எடுப்பார்கள். மேற்புறமும் முன்புறமும் சுமார் 1 சென்டிமீட்டர் அகலத்துக்காவது அதை விட்டுவைக்க வேண்டும். கூரைக்கு உத்தரமும் தூணும் அதுதான்! அதில் கைவைத்தால் கூரை இறங்கிவிடும். உள்ளே இரத்தம் கட்டிச் சீழ் பிடித்தாலும் குருத்தெலும்பு கரைந்துவிடும். அழகு போவதோடு மூச்சும் அடைபடலாம்.

இதைச் சரிசெய்ய முடியும். ஆனால் முகூர்த்த நாளைப் பார்த்து அவசரப்படக் கூடாது. உள்வீக்கம் வடிந்து, தழும்பு இளகப் பொதுவாக ஒரு வருடமாவது ஆகும். (ஆபரேஷன் ஆன சில நாட்களில் வலியும் அடைப்பும் காய்ச்சலும் அதிகமானால் மட்டும் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள்.)

தண்டை உயர்த்தப் பொருள் வேண்டும். நடுச்சுவர்க் குருத்தெலும்பு முதல் ஆபரேஷனிலேயே செலவாகியிருக்கும். வேறிடத்தில்தான் எடுக்க வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் நம் நாட்டு முறையை 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. அதன்படி 1814-ல் கார்ப்யூ என்ற ஆங்கிலேய சர்ஜன் ஆபரேஷன் செய்தார்.

சிறிய பள்ளமானால் காதுக் குருத்தெலும்பு போதும். காதின் தோற்றம் அநேகமாக மாறாது. பெரிய பள்ளத்துக்கு விலா எலும்பின் குருத்து. அது வலுவானது, ஆனால் நாளடைவில் சற்று வளையலாம், மார்பில் தழும்பும் இருக்கும். சிலிக்கான் வைத்தால் வேறிடத்தில் காயம் இல்லை. ஆனால் ஏற்கெனவே கத்தி பட்ட மூக்கில் அது சீழ் பிடிக்கவோ, வருடங்கள் கழித்துத் தோலைத் துளைத்து வெளிவரவோ கூடும்.

டாக்டரிடம் போகும்போது பழைய ஆபரேஷன் குறிப்பையும், அதற்கு முன் எடுத்த போட்டோவையும் கொண்டு போங்கள். 'உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது? எங்கிருந்து எடுப்பீர்கள்? மூச்சு சீராகுமா?' என்ற மூன்றையும் கேளுங்கள். முதல் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், 'எவ்வளவு விட்டுவைப்பீர்கள்?' என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.