கொசுவைத் தண்ணீரிலேயே தடுப்போம்

விசாகப்பட்டினத்துக்குப் பெருமழை இரு பருவங்களில் வருகிறது. ஆனியில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசியை ஒட்டி வங்கக் கடற்புயல். 2014 அக்டோபர் 12-இல் ஹுட்ஹுட் புயல் இந்நகரைத் தாக்கியதை இங்குள்ளோர் இன்றும் பேசுகின்றனர். வெள்ளம் வடிந்து ஒன்றிரண்டு வாரம் சென்றதும் கொசு பெருகும். அதன்பின் காய்ச்சல் பரவும். அப்போது விடுதிகளில் எழும் கேள்வி ஒன்றே: "மருந்துப் புகை அடிக்க ஏன் இன்னும் ஆள் வரவில்லை?" புகையை மட்டும் நம்பியிருக்கலாமா என்பதை நண்பர்கள் சற்றே ஆராய வேண்டுகிறேன்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, பறக்கும் கொசு என்பன கொசுவின் நான்கு பருவங்கள். முதல் மூன்றும் நீரைச் சார்ந்தவை. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். கொட்டும் மழை புழுக்களை அடித்துச் சென்றுவிடும். மழை ஓய்ந்தபின் தேங்கி நிற்கும் நீரே அவற்றுக்குத் தொட்டிலாகிறது. கொசு சில நாள் தாமதித்து வருவதன் காரணம் இதுவே.

எல்லாக் கொசுவும் எல்லா நீரிலும் வளர்வதில்லை. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ், சிறு கலங்களில் தேங்கிய தெளிந்த நீரை நாடும்: வாளி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டியின் தட்டு. அது கடிப்பது பகலில். நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகை, கிணற்றிலும் மூடாத மாடித் தொட்டியிலும் கட்டட வேலைக்குத் தேக்கிய நீரிலும் வளரும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸுக்குச் சாக்கடையே போதும். ஆகவே, சாக்கடைக்கு மருந்து தெளித்துவிட்டு டெங்கு ஒழிந்தது என்று இருந்துவிட முடியாது.

புகை தன்மேல் படும் பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். கட்டிலடியில் ஒளிந்தது தப்பும். வாளியில் நெளியும் புழு சில நாளில் சிறகு முளைத்து வெளிவரும். நோய் பரவிவிட்ட இடத்தில் புகைக்குப் பயன் உண்டு. ஆனால் அது கடைசி ஆயுதம்.

முதல் ஆயுதம் வாரம் ஒருநாள் கலங்களைக் கவிழ்ப்பது. புழு கொசுவாகுமுன் மடிந்துவிடும். கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஏனெனில் ஏடிஸ் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கலத்தின் சுவரில் முட்டையிடும். அம்முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் பொரியும். தொட்டிகளுக்கு இறுக்கமான மூடி வேண்டும். வடிக்க முடியாத நீருக்கும் வழியுண்டு. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒருவகை பாசில்லஸ் நுண்ணுயிர் கண்டறியப்பட்டது. அதன் நஞ்சு கொசுப்புழுவின் குடலைச் சிதைக்கும். மீனுக்கும் மனிதருக்கும் தீங்கு செய்யாது.

1897 ஆகஸ்டு 20-இல் செகந்திராபாத்தில், நோயாளியின் இரத்தம் குடித்த கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் ரொனால்டு ராஸ். அவரே 1902-இல் கொசு ஒழிப்புப் படைகளை அமைக்கும் முறை பற்றி ஒரு நூலும் எழுதினார். கண்டறிந்ததோடு பணி முடியவில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

விடுதிக்குப் பத்துப் பேர், வாரத்துக்கு ஒரு மணி நேரம்: இவ்வளவே தேவை. அறையில் தொடங்கி, மாடித் தொட்டியைப் பார்த்து, வளாகத்தில் கட்டடம் எழும் இடம்வரை செல்லவேண்டும். அங்கே கொட்டகைகளில் உறங்கும் தொழிலாளர் பலருக்குக் கொசுவலை கிடையாது. முதலில் கடிபடுவோர் அவர்களே. வரும் மழைக்காலத்துக்கு முன் இத்தகைய படை ஒன்றை அமைப்பதை நம் சங்கம் தன் பணியாக ஏற்கவேண்டும்.