நெருப்புக்கும் அடங்காத நஞ்சு

மீன் புதியதா, கெட்டதா என்று கண்ணாலும் மூக்காலும் கண்டறிவதில் நம் கடற்கரைத் தாய்மார் தேர்ந்தவர்கள். நன்றாக வேகவைத்தால் எதுவும் செய்யாது என்பதும் வழிவழியாக வந்த நம்பிக்கை. இந்த அனுபவ அறிவு பெரும்பாலான நாள்களில் நமக்குக் காவலாக நிற்கிறது. அது சற்றும் பயன்படாத வேளையும் உண்டு. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

1997ஆம் ஆண்டில், கேரளத்தின் தென்கரையிலுள்ள விழிஞ்ஞத்தில் சிப்பி உண்டவர்களுள் ஏறத்தாழ 500 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 7 பேர் மாண்டனர். அதற்கு முன்னரே, 1981இல், தமிழ்நாட்டின் வயலூரில் மட்டி உண்டோருள் 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர்; மூவர் உயிரிழந்தனர்.

நஞ்சு வரும் வழி

கடல்நீரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. கடல்வாழ் உயிர்களுக்கு அவையே அடிப்படை உணவு. அவற்றுள் மிகச் சில இனங்களே நஞ்சை உண்டாக்குபவை. சூழ்நிலை வாய்க்கும்போது அவை திடீரெனப் பல்கிப் பெருகுகின்றன. சிப்பியும் மட்டியும் கடல்நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசியை வடிகட்டி உண்பவை. ஆதலால் அந்நஞ்சு அவற்றின் சதையில் சேர்ந்துவிடுகிறது.

இத்தகைய நஞ்சுகளுள் சாக்சிடாக்சின் என்பது கொடியது. நரம்புகளில் செய்தி செல்லும் வழியை அது அடைத்துவிடும். உண்ட சிறிது நேரத்திலோ சில மணி நேரத்திலோ உதடும் நாவும் மரத்துப்போகும், விரல்கள் குறுகுறுக்கும், நடை தள்ளாடும், நிலை முற்றினால் மூச்சு நின்றுவிடும். இந்நஞ்சுக்கு மணமில்லை, தனிச் சுவையில்லை. கொதிக்கவைத்தாலும் அது அழிவதில்லை. இதற்கு முறிமருந்தும் கிடையாது. ஆயினும் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனையில் கருவியின் துணையால் சுவாசத்தைக் காத்துவிட்டால் நோயாளி பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்.

தொழில் என்னாகும்?

சிப்பி எடுத்துப் பிழைப்போரின் கவலையை நாம் அறியாதவரல்லோம். நஞ்சு என்ற செய்தி பரவினால் பல வீடுகளில் அடுப்பு எரியாது. ஆகவே நோயுற்றதை மறைக்கும் எண்ணம் எழக்கூடும். இக்கவலைக்குக் கனடா நாட்டின் அனுபவம் விடை தருகிறது.

1987ஆம் ஆண்டின் இறுதியில், அந்நாட்டின் பிரின்சு எட்வர்டு தீவில் வளர்க்கப்பட்ட சிப்பிகளை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். முதியோர் சிலர் இறந்தனர். பிழைத்தோருள் சிலர் நினைவாற்றலை இழந்தனர். விற்பனை நிறுத்தப்பட்டது. டோமாயிக் அமிலம் என்னும் நஞ்சே காரணம் என்று அறிவியலார் சில நாள்களில் கண்டறிந்தனர். அதன் பிறப்பிடம் ஒரு நுண்பாசி என்பதும் தெளிவாயிற்று. பின்னர் முறையான சோதனை ஏற்பட்டது. நஞ்சு மிகும்போது சிப்பி எடுக்கத் தடை, நீங்கியபின் அனுமதி. அத்தீவின் சிப்பித் தொழில் இன்றும் நடைபெறுகிறது. உண்மையை வெளிப்படுத்தியதே உயிரையும் தொழிலையும் ஒருங்கே காத்தது.

நாம் செய்யத்தக்கவை

கடல்நீர் வழக்கத்திற்கு மாறாகச் செந்நிறமோ பழுப்போ கொண்டாலும், மீன்கள் செத்துக் கரையொதுங்கினாலும், அங்கு எடுத்த சிப்பியையும் மட்டியையும் தவிர்த்துவிடுவோம். நீர் தெளிந்திருப்பதும் முழு உறுதியன்று. எனவே அதிகாரிகள் எச்சரிக்கும் நாள்களில் தயக்கமின்றிப் பணிவோம். பேத்தை மீனின் நஞ்சும் சமையலில் அழியாது. அதில் துணிச்சல் காட்ட வேண்டா.

சிப்பியோ மீனோ உண்டபின் உதடு மரத்தால், கைவைத்தியத்தில் பொழுதைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். உண்டது என்ன என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். எஞ்சியதைச் சோதனைக்காக எடுத்துச் செல்லுங்கள். அதே சிப்பியை வாங்கிய அண்டை வீட்டாருக்கும் அக்கணமே சொல்லியனுப்புங்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் இன்னும் உண்ண அமராமல் இருக்கலாம் அன்றோ!