டார்ச் வெளிச்சத்தில் கிளி முட்டை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் லவ் பேர்ட்ஸ் கூண்டை எட்டிப் பார்க்கும் நேயர்களே! நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜி கிளிதான். ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். அடைகாத்தால் சுமார் 18 நாளில் பொரியும். ஆப்பிரிக்க லவ் பேர்டுக்குச் சுமார் 23 நாள் ஆகும்.

அடைகாத்து ஒரு வாரம் ஆனதும், இருட்டில் சின்ன டார்ச்சை முட்டையின் அகலமான பக்கத்தில் பிடியுங்கள். மெல்லிய சிவப்பு ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு வளர்கிறது. வெறும் மஞ்சளாகத் தெளிந்திருந்தால், அநேகமாகக் கூமுட்டை. கை கழுவித் தொடுங்கள். குலுக்காமல் உடனே கூண்டிலுள்ள முட்டைப் பானைக்குள் வையுங்கள். அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள், பாவம்! கடைசி முட்டை பல நாள் பிந்தியும் பொரியும்.

நம்முடைய பச்சைக்கிளியை மட்டும் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.