தேடத் தெரிந்தவர்க்கே நூலகம்

ஆய்வுத் தலைப்பு முடிவானதும் இன்றைய மாணவர்கள் பலர் முதலில் செய்வது, அத்தலைப்பை அப்படியே இணையத் தேடுபொறியில் இடுவதுதான். முதல் பக்கத்தில் தோன்றும் பத்து இணைப்புகளே பின்னர் 'முந்தைய ஆய்வுகள்' என்னும் இயலாகிவிடுகின்றன. அண்மைக்காலமாகச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நூற்பட்டியல் கேட்டுப் பெறும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. எவரும் எழுதாத கட்டுரைகளைக்கூட ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு அச்செயலிகள் தந்துவிடுவதுண்டு. கல்லூரி நூலகத்தின் பட்டியலும் தரவுத்தளங்களுமோ கேட்பாரின்றிக் கிடக்கின்றன.

இது மாணவர்களின் சோம்பல் பற்றிய புலம்பல் அன்று. பொதுப்பணம் சார்ந்த கேள்வியும்கூட. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்காக மத்திய அரசு மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கியுள்ளது. 2025 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்தின் வாயிலாக, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'என்-லிஸ்ட்' திட்டத்தில் இணைந்துள்ள கல்லூரிகளின் மாணவர்கள், நூலகர் தரும் கடவுச்சொல்லைக் கொண்டு வீட்டிலிருந்தே மின்னூல்களையும் இதழ்களையும் படிக்கலாம். வாயில் திறந்திருக்கிறது, நுழையும் வழிதான் கற்பிக்கப்படவில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். நூலகப் பட்டியல், அந்நூலகத்தில் என்னென்ன நூல்கள் உள்ளன, எந்த அடுக்கில் உள்ளன என்று சொல்லும். ஓர் ஆய்விதழ் நூலகத்துக்கு வருகிறதா என்பதையும் அதில் அறியலாம். ஆனால், அவ்விதழுக்குள் இருக்கும் தனிக்கட்டுரைகளை அது பெரும்பாலும் காட்டாது. அதற்குத் தரவுத்தளங்களை நாட வேண்டும். பட்டியலில் கட்டுரையைத் தேடிவிட்டு, 'இந்தத் தலைப்பில் ஒன்றுமே இல்லை' என்று கைவிரிப்பது கடைமாறிக் கேட்பதற்கு ஒப்பாகும்.

பொருளியலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்தின் இருவேல்பட்டு, இந்தியக் கிராம ஆய்வுகளில் புகழ்பெற்ற ஊர். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு 1916-இல் சில கிராமங்களை ஆய்வு செய்தார். 1918-இல் அது நூலாக வந்தது. 1936-இல் பி.ஜே.தாமஸ், கே.சி.ராமகிருஷ்ணன் வழிகாட்டுதலில் மறு ஆய்வு நடந்து, 1940-இல் வெளியானது. 1961-இலும் அதன் பின்னரும் ஆய்வுகள் தொடர்ந்தன. 1916 முதல் 2008 வரையிலான மாற்றங்களை அலசும் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோரின் கட்டுரை 2010-இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி' இதழில் வந்தது.

இன்று ஒரு மாணவர் அவ்வூரின் தற்போதைய பெயரை மட்டும் இட்டுத் தேடினால் 2010-ஆம் ஆண்டுக் கட்டுரை கிடைக்கலாம். ஸ்லேட்டரின் நூல் கிடைக்காது. காரணம், அந்நூலில் ஊரின் பெயர் 'எருவெல்லிப்பேட்' என்று உச்சரிக்கத்தக்க ஆங்கில எழுத்துகளில் உள்ளது; மாவட்டமோ தென் ஆர்க்காடு. தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆகவும் திருநெல்வேலி 'தின்னவேலி' ஆகவும் பதிவாகியிருக்கும் பழைய ஆவணங்களுக்கும் இதே நிலைதான். எனவே, தேடும் முன் ஒரு தாளில் மாற்றுச் சொற்களைப் பட்டியலிட வேண்டும்: ஊரின் பழைய, புதிய பெயர்கள், அன்றைய மாவட்டம், கருத்துக்கான வேறு சொற்கள். இன்று 'நுண்கடன்' எனப்படுவதற்கு முன்னோடியான ஆய்வுகள் 'ஊரகக் கடன்', 'கூட்டுறவு' ஆகிய தலைப்புகளில்தான் ஒளிந்திருக்கின்றன.

அச்சொற்களை இணைக்கவும் முறை உண்டு. ஒரே பொருள்தரும் சொற்களை 'ஆர்' என்னும் ஆங்கில இணைப்புச் சொல்லால் கோத்தால் வலை விரியும். வெவ்வேறு கருத்துகளை 'அண்ட்' என்பதால் கோத்தால் வலை இறுகும். தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் அச்சொற்கள் அதே வரிசையில் வரும் பதிவுகள் மட்டும் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்தால் ஒரு கருத்தைச் சேர்க்க வேண்டும்; ஒன்றுமே வராவிட்டால் ஒன்றை நீக்க வேண்டும். நான்கைந்து முறை மாற்றித் தேடாமல் 'ஆய்வுகள் ஏதுமில்லை' என்று எழுதுவது பொறுப்பாகாது.

பொருத்தமான ஒரு நூல் பட்டியலில் கிடைத்ததும் அதன் பதிவை முழுமையாகப் படிக்க வேண்டும். அதிலுள்ள பொருள் தலைப்பைச் சொடுக்கினால் அதே பொருளிலான பிற நூல்கள் வரிசையாக வரும். வகைப்பாட்டு எண்ணும் வழிகாட்டும். டியூயி முறையில் கிராம ஆய்வு நூல் 330.954-இல் இந்தியப் பொருளாதார நிலையாகவோ, 338.1-இல் வேளாண்மையாகவோ, 307.72-இல் ஊரகச் சமூகமாகவோ இருக்கலாம். ஓர் அடுக்கோடு நின்றுவிடுபவர் மற்ற இரண்டையும் இழக்கிறார்.

ஒரு நல்ல கட்டுரையிலிருந்து இரு திசைகளில் பயணிக்கலாம். அதன் துணைநூற்பட்டியல் நம்மைப் பின்னோக்கி அழைத்துச் செல்லும். இருவேல்பட்டுக் கட்டுரையிலிருந்து ஸ்லேட்டரை அடைவது அவ்வழியில்தான். அக்கட்டுரையைப் பின்னர் யார் மேற்கோள் காட்டினர் என்பதைக் 'கூகுள் ஸ்காலர்' போன்ற தளங்கள் காட்டும். அது முன்னோக்கிய பயணம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் கொண்ட 'சோத்கங்கா' தளத்தையும் தலைப்பு முடிவாகும் முன்பே பார்த்துவிட வேண்டும். பிறர் முடித்த ஆய்வையே மாவட்டப் பெயரை மட்டும் மாற்றிச் செய்யும் அவலத்தை அது தவிர்க்கும்.

இத்தனைக்கும் துணை நிற்பவர் நூலகர். சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகமே ஏற்றது. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவற்றுள் நான்காவது. அவர் பிறந்த மண்ணில் நூலகரைப் புத்தகம் எடுத்துத் தருபவராக மட்டும் பார்க்கும் மனப்போக்கு மாற வேண்டும். நூலகர் பணியிடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டுவதில் பயனில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியுள்ள ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் தரவுத்தளங்கள் பற்றிய பகுதி உண்டு. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இளநிலை முதலாண்டிலேயே ஒரு பருவத்துக்கு நான்கு வகுப்புகளை ஒதுக்கி, நூலகரும் துறை ஆசிரியரும் இணைந்து தேடலைக் கற்பிக்கலாம். ஆய்வேட்டில் எந்தத் தளத்தில், எந்தச் சொற்களால், எந்த நாளில் தேடினோம் என்று ஒரு பக்கக் குறிப்பை இணைக்குமாறு நெறியாளர்கள் வலியுறுத்தலாம். இதற்குக் கூடுதல் நிதி தேவையில்லை. முன்னோர் கண்டறிந்ததை அறியாமல் செய்யப்படும் ஆய்வு, எத்தனை பக்கங்கள் கொண்டதாயினும் அறிவுக்கு எதையும் சேர்ப்பதில்லை.