காவிரிக்குச் சராசரி ஆண்டு கிடையாது

மேட்டூர் அணை 2017-ல் பாசனத்துக்குத் திறக்கப்பட்ட நாள் அக்டோபர் 2. 2022-ல் மே 24. வழக்கமான நாள் ஜூன் 12. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இந்த ஜூன் 12-ஐ அறியாத பெரியவர்கள் குறைவு. "ஆத்துல தண்ணி வந்திருச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் அம்மா மண்டபம் படித்துறைக்குக் கிளம்புவார்கள். முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் ஆறு ஒரு பக்கம் காவிரியாகவும் மறுபக்கம் கொள்ளிடமாகவும் ஸ்ரீரங்கத்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த ஓட்டம் என்றைக்குத் தொடங்கும் என்பது இங்கே வீட்டுப் பேச்சு.

அதே வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, கணிதப் புத்தகத்தின் எட்டாவது அலகான 'புள்ளியியலும் நிகழ்தகவும்' பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். திட்ட விலக்கம் காண மட்டும் நேரடி முறை, கூட்டுச் சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என்று நான்கு வழிகள். எந்த வழியில் போனாலும் விடை ஒன்றுதான். கையால் பெருக்கிக் கூட்டிய காலத்தில் கடைசி இரண்டு முறைகளும் பெரிய உதவியாக இருந்தன. இன்று செல்போனிலேயே கணிப்பான் இருக்கிறது. ஆனாலும் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை இந்த நான்கும் எடுத்துக்கொள்கின்றன. 41.3 என்று விடை வந்ததும் அடியில் கோடு போட்டுவிட்டு மாணவர் அடுத்த கணக்குக்குப் போகிறார். அந்த 41.3 எதைச் சொல்கிறது என்று சிந்திக்க இடைவெளியே இல்லை.

41.3 சும்மா எடுத்த எண் அல்ல. 2011 முதல் 2025 வரை 15 ஆண்டுகளில் மேட்டூர் அணை ஜூன் 12-லிருந்து எத்தனை நாள் தள்ளித் திறந்தது என்று கணக்கிட்டால் கிடைக்கும் திட்ட விலக்கம் அது. முன்கூட்டித் திறந்த ஆண்டுகளுக்குக் கழித்தல் குறி. வரிசைப்படி எழுதினால்: -6, 97, 51, 64, 58, 100, 112, 37, 62, 0, 0, -19, 0, 46, 0. புள்ளியியலின் முதல் வகுப்புக்கு இதைவிட நல்ல தரவு திருச்சிப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அரிது. எண்கள் பதினைந்தே, கரும்பலகையில் அடங்கிவிடும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஊரறிந்த கதை இருக்கிறது.

முதலில் சராசரி. எல்லாவற்றையும் கூட்டினால் 602. 15-ஆல் வகுத்தால் 40 நாள், அதாவது ஜூலை 22. ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்கும் எட்டாவது எண்ணை எடுத்தால் 46, ஜூலை 28. இது இடைநிலை அளவு. அதிகத் தடவை வந்த எண் பூஜ்யம், நான்கு முறை. ஆகவே முகடு, ஜூன் 12. ஒரே பட்டியல், மூன்று 'மைய' அளவுகள், மூன்று வெவ்வேறு தேதிகள். இதில் எது சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்வி வகுப்பில் எழுந்துவிட்டாலே ஆசிரியர் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சராசரி சொல்லும் ஜூலை 22 அன்று இந்த 15 ஆண்டுகளில் ஒருமுறைகூட அணை திறக்கவில்லை. குறுவை போட நினைக்கும் விவசாயிக்கு இந்த மூன்று தேதிகளாலும் பயனில்லை. ஜூன் 12-க்குள் தண்ணீர் விட்ட ஆண்டுகள் எத்தனை என்பதே அவருக்கு வேண்டும். 15-ல் 6. நிகழ்தகவுப் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

திட்ட விலக்கத்துக்கும் இப்போது பொருள் வருகிறது. சராசரித் தாமதம் 40 நாள். சிதறல் 41 நாள். சிதறல் சராசரியில் எத்தனை சதவீதம் என்று சொல்லும் மாறுபாட்டுக் கெழு நூறைத் தாண்டுகிறது. சராசரியை மட்டும் நம்பி நாற்றுவிட முடியாத ஆறு இது என்று சூத்திரமே சொல்கிறது. டெல்டாக்காரர்கள் அனுபவத்தில் அறிந்ததைப் பதினைந்து வயதுப் பிள்ளை கணக்குப் போட்டு எட்டுவது சாதாரணக் காரியமல்ல.

ஆனால் 15-ல் 6 என்பதை நாணயம் சுண்டுவது போல எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை; அந்த எட்டின் சராசரித் தாமதம் சுமார் 73 நாள். 2020 முதல் 2025 வரையிலான ஆறு ஆண்டுகளுக்குச் சராசரி வெறும் 4.5 நாள். ஒரே பட்டியலிலிருந்து தனக்கு வேண்டிய ஆண்டுகளை மட்டும் வெட்டி எடுத்தால் யாரும் எதையும் நிறுவலாம். தொலைக்காட்சி விவாதங்களில் இது நடக்கும்போது பிடிக்கத் தெரிந்த பிள்ளை, திட்ட விலக்கத்துக்கு ஐந்து மதிப்பெண் வாங்கிய பிள்ளையைவிடப் புள்ளியியல் அதிகம் கற்றிருக்கிறது.

ஏன் இந்த மாற்றம் என்று அடுத்து கேட்கலாம். 2018 பிப்ரவரி 16-ல் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. அதே ஆண்டில் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் அமைந்தது. இந்தக் காலத்தில் கர்நாடக நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் நல்ல மழை பெய்த ஆண்டுகளும் இருந்தன. தண்ணீர் முன்னதாக வந்தது மழையாலா, தீர்ப்பாலா? 15 எண்களை வைத்துக்கொண்டு இதற்குத் தீர்ப்பெழுத முடியாது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகப் புரியவைக்க முடியுமா?

இன்னும் ஆழமான பாடம் 2023-ல் இருக்கிறது. அந்த ஆண்டு அணை சரியாக ஜூன் 12-ல் திறந்தது. நம் பட்டியலில் அது பூஜ்யம். குறையே இல்லாத ஆண்டு. ஆனால் வழக்கமாக ஜனவரி 28 வரை ஓட வேண்டிய தண்ணீர், இருப்பு குறைந்ததால் அக்டோபர் 10-ஆம் தேதியே நிறுத்தப்பட்டது. 2018-ஐப் பாருங்கள். ஜூலை 19-ல் தாமதமாகத் திறந்த அதே ஆண்டின் ஆகஸ்டில் ஆறு கரைபுரண்டது. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில், 1836-ல் கட்டப்பட்ட கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. திறப்புத் தேதி என்ற ஒற்றை எண் இந்த இரண்டையும் காட்டவில்லை. எதை அளக்கிறோம், எதை அளக்காமல் விடுகிறோம் என்பதைக் கணக்கைத் தொடங்கும் முன்பே பேசியாக வேண்டும்.

அளக்காமல் விட்டதைப் பற்றி யோசித்தவர்களில் தலையாயவர் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப் போரில் திரும்பி வந்த குண்டுவீச்சு விமானங்களில் எங்கெல்லாம் ஓட்டைகள் இருந்தன என்ற தரவு அவரிடம் வந்தது. ஓட்டை விழுந்த இடங்களைப் பலப்படுத்தலாம் என்பதே எவருக்கும் தோன்றும் யோசனை. ஓட்டையில்லாத இடங்களையே கவனிக்க வேண்டும் என்று வால்டின் ஆய்வு காட்டியது. அங்கே அடிபட்ட விமானங்கள் திரும்பி வரவேயில்லை. அவர் உயிர் பிரிந்தது நம் தமிழ்நாட்டு மண்ணில். இந்தியாவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தபோது, 1950 டிசம்பர் 13-ல், நீலகிரியில் விமானம் மோதி மனைவியோடு மறைந்தார். சாதித்த மாணவர்களின் படங்களை வரிசையாகப் போட்ட பயிற்சி மையத் தட்டிகளை எந்த ஊர்ச் சாலையிலும் பார்க்கலாம். அங்கே சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கும் பிள்ளைக்கு வால்ட் புரிந்துவிட்டார்.

சிதறலைச் சொல்லித்தர ஆற்றங்கரைக்கே போக வேண்டும் என்பதில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் கடந்து சத்திரம் பேருந்து நிலையம் வரும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நிமிடங்களை ஒரு வாரம் குறிக்கச் சொல்லலாம். ஒருவருக்கு 19, 20, 20, 20, 21. இன்னொருவருக்கு 10, 12, 20, 25, 33 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் சராசரி 20. பள்ளிக்குத் தாமதமாகி வெளியே நிற்கப்போவது யார் என்று கேட்டால், சூத்திரம் படிக்கும் முன்பே ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பதில் சொல்லும். சூத்திரம் அந்தப் பதிலுக்குப் பிறகு வர வேண்டும்.

அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் பள்ளிகளுக்காக வகுத்து 2020-ல் புதுப்பித்த வழிகாட்டியும் இதே வரிசையைத்தான் வலியுறுத்துகிறது: கேள்வி எழுப்புவது, தரவு திரட்டுவது, ஆராய்வது, விளக்கிச் சொல்வது. நம் வகுப்பறைகள் பெரும்பாலும் மூன்றாவது படியிலேயே தொடங்கி அங்கேயே முடிகின்றன. ஆசிரியர்களைக் குறைகூறிப் பயனில்லை. பாடத்தை முடித்தாக வேண்டும், பொதுத்தேர்வு காத்திருக்கிறது. இருந்தாலும், திட்ட விலக்கம் காணும் நான்கு முறைகளில் ஒன்றைப் பாடத்திட்டம் குறைத்துக்கொண்டால் கேள்வி கேட்பதற்கு ஒரு வகுப்பு நேரம் கிடைக்கும். பாடநூல் எழுதுபவர்கள் இதைக் கருத வேண்டும்.

கொல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸின் பிறந்த நாள் ஜூன் 29. 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளி திறந்து, மேட்டூர் செய்தியும் நாளிதழ்களில் அடிபடும் மாதம் அது. திருச்சி மாவட்டக் கணித ஆசிரியர்கள் அந்த வாரத்தில் ஒரே ஒரு வகுப்பை ஒதுக்கி, அந்த ஆண்டின் திறப்புத் தேதியையும் சேர்த்து இந்தப் பட்டியலைப் பலகையில் எழுதிப் பாருங்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, முதலில் பிள்ளைகளைப் பேசவிடுங்கள்.