வளர்ப்புப் பிராணியின் மறைவும் மனத் துயரமும்

பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த நாயோ பூனையோ இறந்துவிட்டால், அதனை வளர்த்தவர் அடையும் துயரம் உறவினரை இழந்தவரின் துயரத்தினின்றும் தன்மையில் வேறுபட்டதன்று. நாளின் ஒழுங்கு அப்பிராணியைச் சுற்றியே அமைந்திருந்தமையால், உணவு வேளையில் கை தானாகவே அதன் தட்டை நாடும். கதவோரத்தில் அதன் காலடி கேட்டதுபோலத் தோன்றும். இது சித்தப் பிரமையன்று. பழக்கப்பட்ட மனம் புதிய நிலையை ஏற்பதற்குச் சிறிது காலம் பிடிக்கிறது.

வேறுபாடு சுற்றியுள்ளோரின் நடத்தையிலேயே உள்ளது. மனிதர் இறந்தால் துக்கம் விசாரிக்க ஊரே வரும். நாய் இறந்தாலோ, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று கூறி முடித்துவிடுவர். சமூகத்தின் அங்கீகாரம் பெறாத இத்தகைய துயரங்களை ஒரு தனி வகையாக அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989ஆம் ஆண்டில் விளக்கியுள்ளார். பெங்களூரின் தெற்கே, ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டை போன்ற இடங்களில் இத்துயரம் மேலும் தனிமையுறுகிறது. வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் வசிக்கும் தொழிலாளிக்கு, இரவு ஷிப்டு முடிந்து திரும்புகையில் எதிர்கொள்ளும் உயிர் அந்த நாய் ஒன்றாகவே இருக்கக்கூடும். அதனைப் புதைக்கவும் அவருக்குச் சொந்த நிலம் இராது.

முற்காலத்தில் இந்நாட்டார் இத்துயரை மறைக்கவில்லை. 949ஆம் ஆண்டு நிகழ்ந்த தக்கோலப் போரில் காட்டிய வீரத்திற்குப் பரிசாக மணலேரன் என்னும் வீரன், கங்க மன்னன் இரண்டாம் பூதுகனிடம் வேண்டிப் பெற்றது காளி என்னும் வேட்டை நாயையே. அது காட்டுப் பன்றியுடன் பொருது, இரண்டும் மாண்டன. மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் அதற்குக் கல் நாட்டப்பட்டது. அக்கல்லின் வழிபாட்டிற்கு நிலமும் விடப்பட்டது. அக்கல் இன்று பெங்களூர் அரசு அருட்காட்சியகத்தில் உள்ளது.

களப்பணியாளர் செய்யக்கூடிய முதல் உதவி, இறந்த பிராணியின் பெயரைக் கேட்டு, வளர்த்தவர் கூறுவதைக் குறுக்கிடாது செவிமடுப்பதே. அடக்கம் செய்யும் இடத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துக் கொடுப்பதும் சிறிய உதவியன்று. தீரா நோயுற்ற பிராணியை மருத்துவர் ஊசியிட்டு அமைதியாக இறக்கச் செய்திருப்பின், வளர்த்தவரைக் குற்ற உணர்ச்சி வாட்டும். அம்முடிவு வேதனையைக் குறைப்பதற்கே என்பதை மருத்துவரே எடுத்துரைத்தல் நலம். வெறிநாய்க்கடி நோய் என்ற ஐயமிருந்தால் உடலை வெறுங்கையால் தொடலாகாது. கடியுண்டவர் காயத்தைச் சோப்பிட்டு நன்கு கழுவி, உடனே தடுப்பூசி பெறுதல் வேண்டும்.

ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாய் தூங்குகிறது என்றோ, ஓடிப்போயிற்று என்றோ குழந்தையிடம் கூறுவது தவறு. முதற் சொல்லால் குழந்தை உறங்கவே அஞ்சலாம். இரண்டாவதால் வீதியெங்கும் தேடிக்கொண்டிருக்கும். இறந்துவிட்டது, இனித் திரும்பாது என்று தெளிவாகக் கூறி, விரும்பினால் அதன் படத்தை வரையச் சொல்லலாம். புதிய குட்டியை அவசரப்பட்டுக் கொணர்தல் வேண்டா.

உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரை நாடவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதித்தலாகாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். இச்சேவைக்குத் தலைமை மையமாக விளங்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் அதே ஓசூர் சாலையிலேயே உள்ளது.