வெளிநாட்டு டூர்: குரூப்பில் போகலாமா, தனி கைடு வைத்துக்கொள்ளலாமா? முன்பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

பாஸ்போர்ட் ரெடி. லீவும் சொல்லியாச்சு. பல வருஷமா சேர்த்து வைத்த பணமும் கையில் இருக்கு. எந்த நாடு என்பதுகூட முடிவாகிவிட்டது. ஆனால் எப்படிப் போவது என்பதில்தான் வீட்டில் பஞ்சாயத்து. "40 பேரோட பஸ்ல போனா பாதுகாப்பு" என்கிறார் அப்பா. "நமக்குன்னு ஒரு கார், ஒரு கைடு இருந்தா நிம்மதியா பார்க்கலாம்" என்கிறார் மகள்.

பெரும்பாலான குடும்பங்கள் விலையை மட்டும் பார்த்து இதை முடிவு செய்கின்றன. அதன் பலன் ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும். முட்டி வலியோடு போன அம்மா பாதி இடங்களை பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்திருப்பார். அல்லது, தனி கார் எடுத்த குடும்பம் சாப்பாட்டுக்கும் டிக்கெட்டுக்கும் அலைந்தே நாளைக் கழித்திருக்கும். இரண்டில் எது நல்லது? யாருக்கு, எந்த ஊருக்கு எது சரிப்பட்டு வரும்? விரிவாகப் பார்க்கலாம்.

டூர் மேனேஜர் வேற, கைடு வேற!

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. குரூப் டூரில் சென்னையில் இருந்து கூடவே வருபவர் டூர் மேனேஜர். ஆட்களை எண்ணுவது, ஹோட்டலில் சாவி வாங்கித் தருவது, சாப்பாட்டு நேரம் சொல்வது, பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகத்துக்கு ஓடுவது எல்லாம் அவர் வேலை.

ஒரு கோட்டையையோ கோயிலையோ காட்டி அதன் கதையைச் சொல்பவர் உள்ளூர் கைடு. பல நாடுகளில் இதற்கு அரசு உரிமம் வேண்டும். தாய்லாந்தில் கைடு வேலையை அந்நாட்டவர் மட்டுமே செய்ய முடியும், வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை. இலங்கையில் சுற்றுலா மேம்பாட்டு அதிகார சபை உரிமம் தருகிறது. வண்டியும் ஓட்டி, விளக்கமும் சொல்கிற 'ஷோஃபர் கைடு' என்று தனிப் பிரிவே அங்கு உண்டு.

"எங்க டூர்ல கைடு உண்டு" என்று ஏஜென்ட் சொன்னால், "டூர் மேனேஜரா, உரிமம் உள்ள உள்ளூர் கைடா? எந்தெந்த ஊரில்?" என்று கேளுங்கள். தனி டூர் என்றாலும் இதே கேள்விதான். வெறும் டிரைவர், டிரைவர் கம் கைடு, டிரைவரோடு தனியாக ஒரு கைடு என மூன்று வகை இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று விலை.

எஸ்ஐசி, பிவிடி... இந்த எழுத்துகளைக் கவனிங்க

ஏஜென்ட் அனுப்பும் பயணத் திட்டத்தில் சில இடங்களில் 'எஸ்ஐசி' என்று இருக்கும். 'சீட் இன் கோச்' என்பதன் சுருக்கம் அது. அதாவது, பலரும் ஏறும் வண்டியில் உங்களுக்கு ஒரு சீட். 'பிவிடி' என்றால் பிரைவேட், உங்கள் குடும்பத்துக்கு மட்டும் வண்டி.

துபாய், சிங்கப்பூர், பாங்காக் பேக்கேஜ்களில் இரண்டும் கலந்தே வரும். ஏர்போர்ட்டில் இருந்து ஹோட்டலுக்கு தனி கார் இருக்கும். மறுநாள் ஊர் சுற்றுவது எஸ்ஐசி. தனி டூர் என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள், காலையில் வேன் வந்து நான்கு ஹோட்டல்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதுதான் விஷயத்தைப் புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே எஸ்ஐசியா, பிவிடியா என்று எழுதி வாங்கிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

தனி டூர் எப்பவுமே காஸ்ட்லியா?

இல்லை. அது எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. ஒரு நாளைக்கு கார், டிரைவர், கைடு எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

* 2 பேர் போனால் தலைக்கு 6,000 ரூபாய்
* 4 பேர் போனால் தலைக்கு 3,000 ரூபாய்
* 6 பேர் போனால் தலைக்கு 2,000 ரூபாய் (வேன் என்றால் வாடகை கொஞ்சம் கூடும்)

கார் வாடகையும் கைடு சம்பளமும் ஆள் எண்ணிக்கையைப் பார்த்து பெரிதாக மாறுவதில்லை. அதனால் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம் என்று ஆறேழு பேர் சேர்ந்து போகும்போது, தனி டூரின் விலை குரூப் டூருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

தனி ஆளாகப் போகிறவர்களுக்குக் கணக்கு நேர்மாறு. தனி கார் கட்டுப்படியாகாது. குரூப்பில் சேர்ந்தாலும், விளம்பர விலை 'ட்வின் ஷேரிங்', அதாவது இரண்டு பேர் ஒரு அறையில் தங்குவதற்கானது. தனி அறை வேண்டுமென்றால் 'சிங்கிள் சப்ளிமென்ட்' என்று கூடுதலாகக் கேட்பார்கள். தனியாகப் போகும் பெண்கள், பெண்கள் மட்டும் போகும் குரூப்களில் அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

யூரோப்புக்கு குரூப் ஏன் கைகொடுக்குது?

ஐரோப்பாவில் ஒரே பயணத்தில் நான்கைந்து நாடுகள் பார்ப்பதுதான் நம்மவர்களின் விருப்பம். பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் என்று தூரம் அதிகம். ஓட்டுநர் சம்பளமும் ஹோட்டலும் அதிகம். அந்தச் செலவு 40 பேருக்குப் பிரியும்போதுதான் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். இந்தியச் சாப்பாடு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கும் குரூப்தான் வசதி. சில நிறுவனங்கள் சமையல்காரரையே கூட அழைத்துப் போகின்றன.

ஆனால் அந்த பஸ் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, பஸ் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்குப் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை போகலாம். வண்டியில் உள்ள டேகோகிராஃப் கருவி இதையெல்லாம் பதிவு செய்துவிடும். டூர் மேனேஜர் "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று விரட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவர் அரை மணி நேரம் லேட்டாக வந்தால், மாலையில் பார்க்க வேண்டிய ஒரு இடம் 40 பேருக்கும் கைவிட்டுப் போகலாம்.

நடையும் உண்டு. வெனிஸ் ஊருக்குள் பஸ் நுழையாது. படகும் கால்நடையும்தான். மெதுவாக நடப்பவர்களும், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருப்பவர்களும் இதை யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

இலங்கைக்கு தனி வண்டி ஏன் வசதி?

இலங்கை சின்ன நாடு. ஆனால் சாலையில் நேரம் பிடிக்கும். கொழும்பில் இருந்து கண்டிக்கு ஏறக்குறைய 115 கிலோமீட்டர்தான், ஆனாலும் மலை ஏற்றத்திலும் போக்குவரத்திலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். தனி வண்டி இருந்தால் எங்கே நிறுத்துவது, எங்கே டீ குடிப்பது என்பதெல்லாம் உங்கள் கையில்.

சிகிரியா பாறைக்கு ஏறக்குறைய 1,200 படிகள். குரூப்பில் போனால், ஏற முடியாத தாத்தாவும் பாட்டியும் மற்றவர்கள் இறங்கி வரும்வரை கீழே காத்திருக்க வேண்டும். தனி வண்டி என்றால், பிள்ளைகள் ஏறும் நேரத்தில் டிரைவர் பெரியவர்களை அருங்காட்சியகத்துக்கோ ஹோட்டலுக்கோ அழைத்துப் போய்விடுவார்.

நம்மவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தமிழ் பேசும் டிரைவரையோ கைடையோ கேட்டு வாங்கலாம். நல்லூர் கந்தசுவாமி கோயில், திருக்கோணேஸ்வரம், நுவரெலியா பக்கத்தில் உள்ள சீதை அம்மன் கோயில் என்று போகிறவர்கள் பூஜை நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். நடை சாத்தும் நேரத்தில் பஸ் போய் நின்றால் கோபுர தரிசனத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

வியட்நாம், பாலி போன்ற இடங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். காரோடு டிரைவர் கிடைப்பது அங்கே எளிது.

யாருக்கு எது?

*குரூப் சரிப்பட்டு வரும்:* முதல் முறை வெளிநாடு போகிறவர்கள், மொழி தெரியாமல் தடுமாறுவோமோ என்று பயப்படுபவர்கள், தனி ஆளாகவோ இருவராகவோ போகிறவர்கள், பேச்சுத்துணை விரும்பும் ஓய்வுபெற்ற தம்பதிகள்.

*தனி டூர் சரிப்பட்டு வரும்:* கைக்குழந்தை உள்ளவர்கள், முட்டி வலி, சர்க்கரை, இதயப் பிரச்னை உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள், ஒரே ஊரில் மூன்று நாள் தங்கிப் பார்க்க நினைப்பவர்கள், ஐந்தாறு பேராகச் சேர்ந்து போகிறவர்கள்.

திட்டத்தில் ஒளிந்திருக்கும் வார்த்தைகள்

* 'ஃபோட்டோ ஸ்டாப்', 'வெளியில் இருந்து பார்வை': இறங்கி போட்டோ எடுக்கலாம், உள்ளே போக டிக்கெட் கிடையாது.
* 'ஆப்ஷனல்': அந்த இடத்துக்கு அங்கே போய்த் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.
* 'குறைந்தபட்ச எண்ணிக்கை': இத்தனை பேர் சேர்ந்தால்தான் குரூப் கிளம்பும். சேராவிட்டால் தேதி மாறுமா, முழுப்பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்குங்கள்.
* 'டிப்ஸ்': பல குரூப் டூர்களில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று டாலரிலோ யூரோவிலோ முன்கூட்டியே வசூலிப்பார்கள்.
* 'ஷாப்பிங்': டூர் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவா? கடை கடையாக அழைத்துப் போய் கமிஷனில் ஈடுகட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. சீனாவில் இது பெரிய பிரச்னையாகி, 2013ல் வந்த சுற்றுலாச் சட்டத்தில் தடையே போட்டார்கள். தனி டூர் டிரைவரும் இதைச் செய்வார். "கடைக்குப் போக வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடலாம்.

கிழமையையும் பாருங்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு செவ்வாய்க்கிழமை விடுமுறை. வாட்டிகன் அருங்காட்சியகம், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். தனி டூர் என்றால் நாளை மாற்றிக்கொள்ளலாம். குரூப்பில் அது நடக்காது.

விசா, வரி விஷயத்தில் கவனம்

ஷெங்கன் விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். பெரியவர்களுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் காப்பீடு பொருந்துமா என்று பாருங்கள். குரூப்பில் போனாலும் விசா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் பரிசீலிக்கப்படும். நிராகரித்தால் விசா கட்டணம் திரும்ப வராது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் கிடைக்காமல் போனால் மற்றவர்களின் பணம் என்ன ஆகும் என்பதை முன்பே கேட்க வேண்டும்.

பேக்கேஜாக வாங்கினால் 'டிசிஎஸ்' என்ற வரியும் பில்லில் சேரும். 2025 ஏப்ரலில் இருந்து 10 லட்சம் ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 20% என்று இருந்தது. 2026 பட்ஜெட்டில் தொகை எவ்வளவானாலும் 2% என்று குறைத்து அறிவிக்கப்பட்டது. பணம் கட்டும் நாளில் என்ன விகிதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குரூப்போ தனியோ, பேக்கேஜ் என்றால் இது உண்டு. விமான டிக்கெட் மட்டும் அல்லது ஹோட்டல் மட்டும் வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது. இந்தப் பணம் உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். கணக்கே தாக்கல் செய்யாத பெற்றோர் பெயரில் பில் போட்டால், இதற்காகவே தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

ஏமாந்தால் என்ன செய்வது?

பெரிய கம்பெனி என்பது மட்டுமே பாதுகாப்பு ஆகாது. 2019 செப்டம்பரில் பிரிட்டனின் தாமஸ் குக் நிறுவனம் மூடப்பட்டபோது, வெளிநாடுகளில் சிக்கிய சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டன் பயணிகளை அந்நாட்டு அரசு விமானம் அனுப்பி அழைத்து வந்தது. (இந்தியாவில் உள்ள தாமஸ் குக் அப்போதே தனி நிறுவனம் என்பதால் பாதிக்கப்படவில்லை.) அங்கே அதற்கென 'அடோல்' என்ற பாதுகாப்புத் திட்டம் இருந்தது. இங்கே சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் ஏஜென்ட்கள் விரும்பினால் பெறுவது, கட்டாயம் இல்லை.

அதனால் தவணையாகப் பணம் கட்டுங்கள். நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், ஊழியரின் சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணாதீங்க. வாட்ஸ்அப்பில் பேசியதை ஒரு மெயிலாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

இரண்டையும் கலந்தும் போகலாம்

குரூப்பா, தனியா என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. விமானம், ஹோட்டல் இரண்டையும் நீங்களே போட்டுவிட்டு, முக்கியமான ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும் உள்ளூர் கைடு வைத்துக்கொள்ளலாம். ஜப்பானில் ரயிலிலேயே பெரும்பாலான ஊர்களுக்குப் போய்விடலாம், பல ஊர்களில் தன்னார்வ 'குட்வில் கைடு'களும் உண்டு. அவர்களின் பயணச் செலவு, நுழைவுக் கட்டணம் போன்றவற்றைக் கொடுத்தால் போதும். குரூப்பில் போகிறவர்களும் டூருக்குப் பிறகு இரண்டு நாள் கூடுதலாகத் தங்க முடியுமா என்று கேட்கலாம். திரும்பும் டிக்கெட் தேதியை மாற்ற வேண்டும் என்பதால், இதை புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

முன்பணம் கட்டும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பயணத் திட்டத்தை வீட்டில் உள்ள எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படியுங்கள். காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும், சாப்பாடு எங்கே என்று நாள்வாரியாகச் சொல்லுங்கள். "இது என்னால முடியாதுப்பா" என்று அப்பாவோ அம்மாவோ சொல்கிற இடம் எது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த ஒரு நாளுக்கு என்ன வழி என்று ஏஜென்டிடம் கேட்டுவிட்டு, பிறகு பணத்தைக் கட்டுங்கள்.